கப்பல் திரும்பிய திசையும் காத்திருந்த உறவும்

இலண்டனின் தென்பகுதியில், ரூட்டிங்கிற்கும் குறொய்டனுக்கும் இடையில் அமைந்துள்ள மிச்சம் என்ற ஊரின் பெயர் எம்மவரிடையே பல பகிடிகளுக்கு இடமளித்துள்ளது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களுக்கு இதுவாவது மிச்சம் என்பார் ஒருவர். இங்கே வந்து ஒரு சதமும் மிச்சம் பிடிக்க முடியவில்லை என்பார் மற்றவர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து, எரிபொருள் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு பகலாக நின்று, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர்கள் இன்று ஓய்வு பெறும் வயதை எட்டியுள்ளனர். அவர்களின் வீடுகளில் இப்போது புதிதாக ஒரு பேச்சு அடிபடுகின்றது. அதுதான் உல்லாசக் கப்பற் பயணம்.

பெற்றோரின் அறுபதாம், எழுபதாம் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கப்பற் பயணத்தைப் பரிசாக அளிப்பது பரவலாகி வருகின்றது. மிச்சம் ஈஸ்ட்பீல்ட்ஸ் நிலையத்தில் புகையிரதம் ஏறி, கிளப்பம் சந்தியில் மாறினால் சவுத்தாம்ரன் துறைமுக நகருக்குப் போய்விடலாம். விமான நிலையத்து நெருக்கடி இல்லை. பெட்டிகளைச் சுமந்து ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. சாப்பாடும் படுக்கையும் கூடவே வருகின்றன. முழங்கால் நோவுள்ள முதியவர்களுக்கு இதைவிட வசதியான பயணம் வேறு எது என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆயினும் எம்மவர்க்குக் கப்பல் என்ற சொல் உல்லாசத்தை மட்டும் நினைவூட்டுவதில்லை. 1987 ஆம் ஆண்டில், புகலிடம் கேட்டு வந்த தமிழர் பலரை 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில், ஹாரிச் துறைமுகத்தில், பிரித்தானிய அரசு தடுத்து வைத்திருந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 16 ஆம் திகதி அதிகாலையில் வீசிய பெரும் புயலில் அக்கப்பல் கட்டறுந்து கரை தட்டியது. அதன் பின்னரே உள்ளிருந்தவர்கள் வெளியே விடப்பட்டனர். காற்று ஒரு கப்பலின் பாதையை மாற்றி எம்மவர்க்கு நன்மை செய்த நிகழ்வு எமக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இனி நாம் கூறப்போவது காற்று வேறு விதமாக நடந்துகொண்ட கதை.

மிச்சத்தில் வாழும் ஒரு தம்பதியரை அண்மையில் சந்தித்தோம். கணவருக்கு எழுபது வயது நிறைந்ததையொட்டிப் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து நோர்வேக்கான ஏழு இரவுக் கப்பற் பயணமொன்றை ஒழுங்கு செய்திருந்தனர். ஸ்தவங்கர், ஓல்டன், ஓலசுண்ட், கடைசியாகப் பேர்கன். பிள்ளைகள் இந்தக் கப்பலைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அந்தக் கடைசித் துறைமுகம். அம்மாவின் ஒரே தங்கை பேர்கனில் இருக்கின்றார். முதலில் வடக்கே மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்து, பின்னர் பேர்கனுக்கு இடம்பெயர்ந்தவர். கடை, பேரப்பிள்ளைகள், வைத்தியசாலைத் திகதிகள் என்று ஏதோ ஒன்று குறுக்கே வர, சகோதரிகள் இருவரும் நேரில் கண்டு பதினொரு வருடங்கள் ஆகிவிட்டிருந்தன. தங்கைக்குச் சிறுநீரகம் பழுதடைந்து வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கின்றது. அவரால் வெளிநாடு செல்வது இயலாத காரியம். ஆகவே பிறந்தநாளும் ஆயிற்று, தங்கையைப் பார்த்ததும் ஆயிற்று என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுத்தப் பிள்ளைகள் எண்ணினர்.

ஐந்தாம் நாள் மாலை ஒலிபெருக்கியில் கப்டனின் குரல் கேட்டது. பேர்கனில் காற்றின் வேகம் பாதுகாப்பாகக் கரையணையும் அளவைத் தாண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதால், கப்பல் அங்கு செல்லாது. பதிலாக மறுநாள் காலை தெற்கேயுள்ள ஹெளகசுண்ட் துறைமுகத்துக்குச் செல்லும் என்றார். உணவு மண்டபத்தில் இருந்த ஏனையோர் தோளை அசைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்களாம். அவர்களுக்கு ஒரு நோர்வே நகருக்குப் பதில் இன்னொரு நோர்வே நகரம். "எனக்குக் கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது" என்றார் அந்த அம்மா.

பேர்கனிலிருந்து ஹெளகசுண்டுக்கு வீதியால் வருவதென்றால் இடையில் ஒரு கடலைப் படகில் வாகனத்தோடு கடக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மறுநாள் தங்கைக்குச் சுத்திகரிப்பு நாள் அல்ல. துறைமுகத்துக்கு வருவதற்கென்றே அந்த நாளை ஒதுக்கி வைத்திருந்தார். ஆனால் அத்தனை தூரம் போய்வருவதை வைத்தியர்கள் அனுமதிக்கவில்லை. மகன் மட்டும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தாயார் அதிகாலையில் எழுந்து அவித்த இடியப்பத்தையும் சம்பலையும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு காரில் புறப்பட்டார். துறைமுக வாசலில் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தார். மூவரும் ஒரு வாங்கில் இருந்து, கைத்தொலைபேசித் திரையில் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டார்கள். இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. கணவர்தான் எழுந்து தேநீர் போடச் சென்றார்.

பிள்ளைகள் கப்பல் நிறுவனத்துக்குக் கோபமாக எழுதினார்கள். துறைமுக வரியில் ஒரு சிறு தொகை திரும்பி வந்தது. அவ்வளவுதான். நிறுவனம் பிழை செய்ததாகவும் கூறமுடியாது. நாம் அந்த ஒப்பந்தப் பத்திரத்தை வாங்கிப் படித்தோம். எழுத்துக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில், துறைமுகங்களின் பட்டியல் உத்தரவாதம் அல்ல என்றும், காலநிலை, இயந்திரக் கோளாறு, நோயாளியை இறக்குதல், துறைமுகத்து வேலைநிறுத்தம், அரசியல் நிலைமை ஆகிய எக்காரணத்தாலும் கப்டன் பாதையை மாற்றலாம் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் பத்திரமும் இவ்வாறே சொல்கின்றது. பளபளப்பான கையேட்டில் துறைமுகங்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அவை மாறலாம் என்பது சிறிய எழுத்தில் இருக்கின்றது.

கடந்த சில ஆண்டுகளைப் பார்த்தாலே இந்த மாற்றங்கள் எத்தனை வகையென்று புரியும். 2021 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுவேயுள்ள கால்வாயினூடாகச் செல்வதை இத்தாலி தடுத்தது. வெனிஸ் என்று விற்கப்படும் சில பயணங்களில் கப்பல் நிற்பது ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ ஆகும். 2022 இல் உக்ரைன் போர் மூண்டதும் பால்டிக் பயணங்களின் மகுடமாக இருந்த சென் பீற்றர்ஸ்பேர்க் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2023 இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், சுயெஸ் வழியாக வரவேண்டிய நீண்ட பயணங்கள் ஆபிரிக்காவைச் சுற்றித் திருப்பப்பட்டன.

சுயெஸ் என்றதும் எமது மூத்த தலைமுறைக்கு வேறொன்று நினைவுக்கு வரும். ஐம்பதுகளில் கொழும்பிலிருந்து மேற்படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் இலண்டன் வந்தவர்கள், அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் 'ஒர்கேட்ஸ்', 'ஒரன்சே' போன்ற ஓரியன்ற் கம்பனிக் கப்பல்களில் ஏறி, ஏடன், சுயெஸ், போர்ட் சயிட் வழியாக ரில்பரித் துறையில் வந்திறங்கினர். 1956 நவம்பரில் கால்வாய் மூடப்பட்டபோதும், 1967 ஜூனிலிருந்து எட்டு வருடங்கள் மூடப்பட்டிருந்தபோதும், கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற நேர்ந்தது. நீண்ட கரைச் சுற்றுலா என்பதும் அன்றே இருந்தது. கப்பல் கால்வாயில் மெல்ல ஊர்ந்து செல்ல, வசதியுள்ள பயணிகள் சுயெஸில் இறங்கி, பாலைவனத்தினூடே கெய்ரோவுக்குச் சென்று, பிரமிட்டைப் பார்த்துவிட்டு, போர்ட் சயிட்டில் மீண்டும் அதே கப்பலைப் பிடிப்பார்கள். வழியில் வண்டி பழுதடைந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தில், பிரமிட்டைவிடக் கைக்கடிகாரத்தையே அதிகம் பார்த்ததாகப் பெரியவர் ஒருவர் எமக்குக் கூறியதுண்டு.

அந்த அச்சம் இன்றும் மாறவில்லை என்பதை நாமே அனுபவித்தோம். சில வருடங்களுக்கு முன்னர் சவுத்தாம்ரனிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில், பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கிப் பாரிசுக்குச் செல்லும் பஸ் சுற்றுலாவில் சேர்ந்தோம். லு ஹாவ்ரிலிருந்து பாரிஸ் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பதினொரு மணி நேரச் சுற்றுலா என்று அச்சிட்டிருந்தார்கள். அதில் போக மூன்று, வர மூன்று என்று ஆறு மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. ஈபிள் கோபுரத்தைச் சாலையின் மறுகரையிலிருந்து இருபது நிமிடம் பார்த்தோம். எம்முடன் வந்த முதியவர் ஒருவருக்கு நீரிழிவு. காலை ஆறரைக்குச் சாப்பிட்டவர், மதிய உணவு இரண்டு மணிக்கென்று அறிந்ததும் வியர்த்து நடுங்கத் தொடங்கினார். பக்கத்து ஆசனத்துப் பெண்மணி கொடுத்த இரண்டு இனிப்புகளே அவரைக் காப்பாற்றின. அவரது ஊசி மருந்தும் பிஸ்கட்டும் கப்பல் அறையில் பத்திரமாக இருந்தன.

இதில் வேடிக்கை என்னவெனில், பஸ்ஸில் இருந்த எம்மவர் அனைவரும் பார்க்க விரும்பியது ஈபிள் கோபுரத்தை அல்ல, லாச்சப்பலை. அங்குள்ள கடைத்தெருவில் மரக்கறி வாங்கி, தெரிந்தவர்களைக் கண்டு, ஒரு தேநீர் குடித்து வரவேண்டும் என்பதே அவர்களின் ஆசை. பஸ் அந்தப் பக்கம் போகவே இல்லை. மிச்சத்தில் இருப்பவர்க்குப் பாரிஸ் பார்ப்பதற்குக் கப்பல் தேவையா என்று எமக்குத் தோன்றியது. சென் பங்கிராசில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் கார் டு நோர்ட் நிலையம். அங்கிருந்து லாச்சப்பல் நடை தூரம்.

அன்று நாம் தவறவிட்டது லு ஹாவ்ர் நகரத்தையே. 1944 செப்ரெம்பர் 5 ஆம், 6 ஆம் திகதிகளில் பிரித்தானிய விமானங்கள் குண்டு பொழிந்து அந்நகரின் நடுப்பகுதியை முற்றாகத் தரைமட்டமாக்கின. ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில், சீமெந்தைக் கொண்டே அதை மீளக் கட்டியெழுப்பினர். 2005 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள சென் யோசப் தேவாலயத்தின் கோபுரம் 107 மீற்றர் உயரமானது. கடலில் வரும்போதே தெரியும். இடிந்த நகரங்களிலிருந்து வந்த எமக்கு, இடிந்த நகரம் ஒன்று எழுந்து நிற்பதைப் பார்ப்பது ஈபிள் கோபுரத்தைவிடக் குறைந்த காட்சியாக இருந்திராது. மறுமுறை போனபோது பஸ்ஸை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தோம். மதியம் கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிட்டு, மருந்தெடுத்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டோம்.

பாரிஸ் மட்டுமல்ல. உரோமாபுரி என்று அச்சிடப்படும் இடத்தில் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். நகருக்கு 70 கிலோமீற்றருக்கு மேல். புளோரன்ஸ் என்பது லிவோர்னோ. அங்கிருந்து 90 கிலோமீற்றரளவில். பெர்லின் என்பது வார்னமுண்டே. 200 கிலோமீற்றருக்கும் அதிகம். பயணத்தைப் பதிவு செய்யுமுன்னர் துறைமுகத்தின் உண்மையான பெயரைக் கேட்டு, வரைபடத்தில் தூரத்தைப் பார்க்கவேண்டும். இதற்கு மாறாக, ஸ்தவங்கரில் கப்பலிலிருந்து இறங்கினாலே பழைய வெள்ளை மரவீடுகளின் ஒழுங்கைகள். 1904 இல் தீக்கிரையாகிப் புதிதாகக் கட்டப்பட்ட ஓலசுண்ட் நகரும் அவ்வாறே காலடியில் இருக்கின்றது. பெல்ஜியத்தின் சீபுரூக்கில் இறங்குபவர்கள் பிரசெல்சுக்கு ஓடாமல் பக்கத்திலுள்ள புரூஜ் நகரோடு நின்றுவிடலாம். உரோமாபுரியைப் பார்க்காமல் திரும்புவதா என்று கேட்பவர்களிடம் நாம் வாதாடப் போவதில்லை. போகட்டும். ஆனால் மறுநாள் வேறு சுற்றுலா வேண்டாம். நீண்ட சுற்றுலாக்களை அடுத்தடுத்த நாட்களில் பதிவு செய்த முதியவர்கள், நான்காம் நாள் அறையை விட்டு வெளியே வராமல் படுத்திருந்ததைக் கண்டிருக்கிறோம்.

தூர இடங்களுக்குச் செல்வதாயின், கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் செல்வது விலை கூடினாலும் பாதுகாப்பானது. அந்த பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். இல்லையேல் அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டு சேர்ப்பார்கள். தனியாகச் சென்று தாமதித்தால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு எமது செலவில் நாமே செல்லவேண்டும். துறைமுகம் கைவிடப்பட்டால் நிறுவனத்திடம் பதிந்த சுற்றுலாவின் பணம் திரும்பும். வெளியே பதிந்ததற்கு அவ்வாறில்லை. பணம் கொடுக்குமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உறவினர் ஒருவர் காரில் வந்து ஏற்றிச் செல்வதும் இந்த வகையில் தனியாகச் செல்வதேயாகும். மருமகன் நன்றாகக் கார் ஓட்டுவார் என்பது கப்பலை நிறுத்தி வைக்காது.

சில துறைமுகங்களில் கப்பல் கரையை அணையாமல் நடுக்கடலில் நங்கூரமிட, சிறு படகுகளில் பயணிகளை இறக்குவார்கள். கேர்ன்சித் தீவின் சென் பீற்றர் போர்ட் இத்தகையது. சற்றே அலை எழுந்தாலும் படகு விடமாட்டார்கள். ஆகையால் திட்டத்திலிருந்து முதலில் விழுவது இவ்விடங்களே. படகில் ஏறி இறங்க ஓரளவு கால்பலம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோர் இதை முன்கூட்டியே விசாரிக்கவேண்டும்.

இனி, எம்மவர்க்கே உரிய ஒரு சிக்கல். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு ஒரு துறைமுகம் இன்னொன்றாவது வெறும் ஏமாற்றம். இலங்கைக் கடவுச்சீட்டிலோ, அகதிகளுக்கான நீல நிறப் பயண ஆவணத்திலோ செல்பவர்க்கு அது அதைவிடப் பெரியது. அயர்லாந்துக்கு உரிய விசாவுடன் மட்டும் புறப்பட்டவரை, கப்பல் திடீரெனப் பிரான்சுக்குத் திரும்பினால், கரையிறங்க விடமாட்டார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா எடுத்தவர், இடையில் கேர்ன்சிக்கோ அயர்லாந்துக்கோ சென்றபின் மீண்டும் ஷெங்கன் நாடொன்றில் இறங்க முடியாது போகலாம். அகதிப் பயண ஆவணத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நடத்துகின்றது. எனவே திட்டத்திலுள்ள நாடுகளுக்கு மட்டுமன்றி, அக்கம்பக்கத்து நாடுகளுக்கும் என்ன தேவையென்று அந்தந்தத் தூதரகத்திடம் கேட்பதும், பலமுறை நுழையும் விசாவாகவே எடுப்பதும் நன்று. ஆவணம் போதாதென்றால் சவுத்தாம்ரனிலேயே ஏறவிடாமல் தடுத்துவிடுவார்கள். அப்போது பணமும் திரும்பாது.

சட்டம் முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. 2018 ஆம் ஆண்டின் பொதிச் சுற்றுலா ஒழுங்குவிதிகளின்படி, புறப்படுமுன்னரே பயணத்தின் முக்கிய அம்சம் ஒன்று பெரிதாக மாற்றப்பட்டால், நிறுவனம் அதை அறிவித்து, ஏற்பதா கைவிடுவதா என்று பயணியைக் கேட்கவேண்டும். கைவிட்டால் தண்டமின்றிப் பணம் 14 நாட்களுக்குள் திரும்பவேண்டும். ஆனால் பெரிதாக என்ற சொல்லில்தான் வழக்கே இருக்கின்றது. பல துறைமுகங்களில் ஒன்று காற்றினால் கைவிடப்படுவதை எவரும் பெரிதாகக் கொள்வதில்லை. பல நாட்கள் வெட்டப்பட்டாலோ, வாக்களித்த நாடே மாறினாலோ, எழுத்தில் முறையிடுவது வீண்போகாது. காப்புறுதி எடுக்கும்போது துறைமுகம் தவறுதலுக்கும் அறையில் நோயுற்றுக் கிடத்தலுக்கும் ஈடு உண்டா என்று பார்க்கவேண்டும். சாதாரணப் பயணக் காப்புறுதியில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஐரோப்பாவில் காட்டும் இலவச சுகாதார அட்டை கப்பல் வைத்தியரிடம் செல்லாது. அங்கே பார்த்த நோய்க்குக் கையில் சிட்டை வரும். பழைய வருத்தங்கள் அனைத்தையும் காப்புறுதியில் சொல்லவேண்டும். எமது பெரியவர்கள் பிரஷர் இருப்பதைப் பிள்ளைகளிடமே மறைப்பவர்கள். காப்புறுதிக்காரரிடம் சொல்லுவார்களா என்பது சந்தேகமே.

மிச்சத்துத் தம்பதியரிடம் மீண்டும் வருவோம். மறுமுறை கப்பலில் போவீர்களா என்று கேட்டோம். போவோம் என்றார் கணவர் தயங்காமல். அதிகாலையில் எழுந்து, மேல்தளத்தில் நின்று, இருபுறமும் மலைகள் நகர்வதைப் பார்த்ததை அவர் நீண்ட நேரம் விபரித்தார். 1989 இல் லொறியின் பின்புறத்தில் தார்ப்பாயின் கீழ் ஐரோப்பாவைக் கடந்தபோது எந்த நாட்டையும் தாம் பார்த்ததில்லை என்றும், அன்றும் பாதை மூன்றுமுறை மாறியது, எவரும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை என்றும் கூறிச் சிரித்தார். அடுத்த வருடத்துக்கு ஸ்பானியக் கரையோரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கின்றார். அங்கே உறவினர் எவரும் இல்லை.

அம்மா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. நோர்வேக்குப் பயணிகள் படகுச் சேவை முன்னர் இருந்தது. நியூகாசிலிலிருந்து பேர்கனுக்கு ஓடிய அதுவும் 2008 இல் நின்றுபோயிற்று. கட்விக் விமான நிலையத்திலிருந்து பேர்கனுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரமளவுதான் என்று மருமகள் காட்டியிருக்கின்றார். தங்கைக்குச் சுத்திகரிப்பு இல்லாத நாளாகப் பார்த்து, வரும் மாதத்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. நாம் விடைபெறும்போது அவர் குசினி மேசையில் இரண்டு மிளகாய்த்தூள்ப் பொதிகளை வைத்து, விமானத்தில் எவ்வளவு நிறை விடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.